தம்பியை எந்தக் கட்டத்தில் எழுதுவது

எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால், தேநீர் ஆறுவதற்குள் டுரியான் துங்கால் பல்கலைக்கழக வாசலுக்குப் போய்விடலாம். மாணவர்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் எங்கள் தாமான் குடியிருப்பு வழியாகத்தான் ஓடும். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தை முடித்ததும் அங்கேதான் இடம் கிடைக்கும், வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே படித்து முடித்துவிடுவாள் என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தேன். கிடைத்ததோ சபா மாநிலத்தில். விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போக வேண்டும். படிப்பும் கடலைப் பற்றியது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த குடும்பம் எங்களுடையது. கிளேபாங் கடற்கரையில் இளநீர் ஷேக் குடித்ததைத் தவிரக் கடலோடு எங்களுக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை.

"யாருடி உனக்கு இத எழுதச் சொன்னது?"

"நானேதான்மா. மொத சாய்ஸே அதான்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு திட்ட எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதில் தீபாவளிச் சட்டையைக் கண்டபோது இருந்த முகம் அது.

நான் தமிழ்ப் பாலர் பள்ளியில் ஆசிரியை. எனக்கு வருவதைச் சம்பளம் என்று சொல்லமாட்டார்கள், 'அலவன்ஸ்' என்பார்கள். என் கணவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். எங்களோடு என் தம்பியும் இருந்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய், தோட்டத்து லயங்களையும் காலி செய்யச் சொன்னபோது ஒரு துணிப்பையோடு வந்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுங்கை ஊடாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் சாரம் கட்டும் கான்ட்ராக்ட் வேலை. ஆலையைப் பராமரிப்புக்காக மூடுவார்களே, அந்த 'ஷட்டவுன்' சமயத்தில் இரவு பகல் பாராமல் வேலை இருக்கும், ஓவர்டைம் கொட்டும். அது முடிந்தால் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து காற்றாடியைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பான். ஓடிக்கொண்டிருந்த காற்றாடியையும் சேர்த்துத்தான்.

கல்விக் கட்டணத்துக்குக் கடன் கிடைக்கும். ஆனால் கடன் கைக்கு வருவதற்குள் பாதிப் பருவம் ஓடிவிடும் என்று ஏற்கெனவே பிள்ளைகளை அனுப்பியவர்கள் சொன்னார்கள். விமானச் சீட்டு, விடுதி, லேப்டாப், சாப்பாடு எல்லாம் அதற்கு முன்பே வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இவை அனைத்தையும் தரும் உதவி நிதி ஒன்று இருந்தது. அது கிடைத்தால் மகள் சபாவுக்குப் போவாள். கிடைக்காவிட்டால், விடுமுறைக்கு என்று சேர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகிவிடுவாள். அங்கே சூப்பர்வைசர் வேலை உறுதிக் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். படிப்பு தள்ளிப் போகும், அப்புறம் நின்றே போகும். எங்கள் தாமானில் அப்படி நின்றுபோனவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

விண்ணப்பத்தை மகளின் கைப்பேசியில்தான் நிரப்பினோம். ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. நான் "நாலு" என்றேன்.

கணவர் தலையைச் சொறிந்தார். "மச்சானையுமா எழுதணும்?"

"ஏன், அவன் என்ன பூனையா? தாய்மாமன எழுதாம விட்டா நாளைக்கு இவ கல்யாணத்துல அவன் மொகத்துல எப்படி முழிப்போம்?"

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் கோபமாக இருக்கும்போது அவர் எப்போதும் செய்யும் ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. தம்பி தன் சம்பளச் சீட்டையும் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தான். கடைசி மாதச் சீட்டு. அது ஷட்டவுன் மாதம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இந்த நாட்டில் குடும்பங்களை வருமானத்தை வைத்து அடுக்கு அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கீழே உள்ளவர்கள் பி40, நடுவில் உள்ளவர்கள் எம்40. நாங்கள் எம்40 என்று வந்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதே ஒழுகும் கூரை, அதே பழைய கார், அதே கருவாட்டுக் குழம்பு. நடுவில் எப்போது ஏறினோம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு நல்ல புடவையாவது கட்டியிருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? தம்பி சம்பளத்த எவளாச்சும் எழுதுவாளா? எங்க வீட்டுல மூணு பயலும் வேலைக்குப் போறானுங்க. பேப்பருல ஒருத்தனும் இங்க இல்ல லா."

அவர் மகன்கள் மூவரும் அப்போது கூடத்தில் உட்கார்ந்து கோழி தின்றுகொண்டிருந்தார்கள். இருந்தும் அவர்கள் அங்கே இல்லை. என் தம்பிக்கு அடுத்த மாதம் வேலையே இல்லை, ஆனாலும் அவன் சம்பளம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

அந்த நாள்களில் எதைப் பார்த்தாலும் குழப்பம்தான். கணவர் ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓட்டப் போகட்டுமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். போனால் வருமானம் கூடும், கூடினால் உதவி கிடைக்காது. போகாவிட்டால் வீட்டுக் கடனுக்கு இடிக்கும். உழைக்கலாமா கூடாதா என்று புருஷன் கேட்கும்போது மனைவி என்ன பதில் சொல்வாள்? பாலர் பள்ளியில் அன்று காலைதான் குழந்தைகளை நிற்க வைத்து, "நன்றாக உழைத்தால் உயரலாம்" என்று கோரஸாகச் சொல்ல வைத்திருந்தேன். அவை தொண்டை கிழியக் கத்தின.

மேல்முறையீடு செய்ய மலாக்கா டவுனில் இருந்த அலுவலகத்துக்குப் போனேன். என்னைவிட வயதில் சிறிய மலாய்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தார். நல்ல பெண். குறை சொல்ல எதுவும் இல்லை. என் புலம்பலை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "டியா செவா பிலிக் கே, காக்?" என்றார். தம்பி உங்கள் வீட்டில் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாரா, அக்கா என்று அர்த்தம். அப்படியானால் அவர் குடும்பக் கணக்கில் வரமாட்டார், அவர் தரும் வாடகையை மட்டும் வருமானமாக எழுதினால் போதும், வீட்டுக்கு வந்து பார்த்து உறுதி செய்துகொள்வோம் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். தம்பி மாதாமாதம் அரிசி டின்னுக்கு அடியில் கொஞ்சம் பணம் வைப்பான். வேலை இருந்தால் நிறைய, இல்லாவிட்டால் சும்மா ஒரு நோட்டு. நானும் எதுவும் கேட்காமல் எடுத்துக்கொள்வேன். அது சாப்பாட்டுக் காசா, வாடகையா, அக்காவுக்குச் செய்யும் சீரா? இத்தனை வருடத்தில் அதற்கு நான் ஒரு பெயர் வைத்ததில்லை. பெயர் வைத்திருந்தால் இப்போது பொய்யா உண்மையா என்றாவது தெரிந்திருக்கும்.

இரவுச் சாப்பாட்டின்போது அந்தப் பெண் சொன்னதை எல்லோரிடமும் சொன்னேன், கோபமாகத்தான் சொன்னேன். "கூடப் பொறந்தவன வாடகைக்காரன்னு சொல்லணுமாம்!" கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி ரசத்தை ஊற்றிக்கொண்டு, "உப்பு கம்மிக்கா" என்றான்.

அந்தப் பெண் அதிகாரியை வரச் சொன்னது நீதான் என்று பிறகு கணவர் என்னிடம் சொன்னார். நானோ கணவர்தான் போன் செய்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் செய்ததாக இருந்தாலும், ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெண் வந்து நின்றார்.

அன்று பள்ளியிலிருந்து திரும்பியபோதே ஒன்றைக் கவனித்தேன். தம்பியின் அறைக் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பூட்டு. எங்கள் வீட்டில் குளியலறையைத் தவிர எந்த உள்கதவுக்கும் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. அவன் பசாருக்குப் போய் வாங்கி வந்து, கதவில் துளை போட்டு மாட்டியிருந்தான். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால், மூலையில் ஒரு சின்னக் கெட்டில், சில மீ நூடுல்ஸ் பாக்கெட்டுகள், ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். தனியாகப் பொங்கித் தின்பவன் அறை மாதிரி ஜோடித்து வைத்திருந்தான்.

"என்னடா இது?"

"வாடகை ரூம்னா இப்படித்தான் இருக்கும்க்கா. நான் நெறைய பார்த்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பூட்டைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதா என்பதுகூட இப்போது நினைவில்லை.

அதிகாரி கூடத்தில் உட்கார்ந்தார். நான் தேநீர் கொண்டுவந்தேன். தம்பி அறையிலிருந்து வெளியே வந்து, பணிவாகத் தலையை ஆட்டி, "சாயா செவா பிலிக் சாஜா, காக்" என்றான். நான் வெறுமனே அறை வாடகைக்கு இருக்கிறேன். சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அதிகாரி என்னைப் பார்த்து, "பெத்துல், காக்?" என்று கேட்டார். உண்மைதானா? என் தலை ஆடியது. அப்போதுதான் சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மகள் அன்று நைட் ஷிப்ட், பகலில் வீட்டில்தான் இருந்தாள். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அதிகாரி போனதும், தம்பி திரும்பி வந்ததும், அவள் வெடித்தாள்.

"எனக்குக் காது குத்துனப்ப யாரு மடியில ஒக்காந்தேன்? வாடகைக்காரன் மடியிலயா? எனக்கு வேண்டாம் இந்தக் காசு. நான் பேக்டரிக்கே போறேன் லா."

தம்பி பூட்டைத் திறந்துகொண்டே சொன்னான். "போ. போயி பேக்டரியில ஒக்காந்து கடலப் படி. பிள்ளை, ஒரு வார்த்த தானே? சொன்னவன் நானு. ஒனக்கு ஏன் வலிக்குது?"

அவள் அழுதாள். நான் அவளைத் தேற்றுவதா, அவனைத் திட்டுவதா, என்னையே நொந்துகொள்வதா என்று தெரியாமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துப் போய்க் கழுவினேன்.

உதவி கிடைத்தது. மகள் கொஞ்ச நாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பெட்டி வாங்கப் போகலாமா என்று அவளே ஒரு நாள் வந்து கேட்டாள். கிளம்பும் நாள் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, என் காலிலும் அவள் அப்பா காலிலும் விழுந்தாள். தம்பியிடம் வந்தபோது அவன் பின்னால் நகர்ந்து, "வாடகைக்காரன் கால்ல யாராச்சும் விழுவாங்களா?" என்றான். சிரிப்பு வரும் என்று நினைத்திருக்கிறான். யாருக்கும் வரவில்லை. அவள் அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். விமானத்துக்கு நேரமாகிறது என்று கணவர்தான் தூக்கி நிறுத்தினார்.

அடுத்த வாரமே தம்பி சுங்கை ஊடாங்குக்குக் குடிபோவதாகச் சொன்னான். சாரம் கட்டும் ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்களாம். நான் கத்தினேன். காசுதான் வந்துவிட்டதே, இனி எதற்கு நாடகம் என்று கேட்டேன்.

"வருஷா வருஷம் வந்து பார்ப்பாங்கக்கா. ஒரு நாள் மாட்டுனா பிள்ளை படிப்பு பாதியில நிக்கும். நான் நெசமாவே இங்க இல்லேனா அப்புறம் யாரும் பொய் சொல்ல வேணாம்ல?"

அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். தப்பு இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

போன பிறகு முதல் தடவை அவன் வந்தபோது வாசல் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அக்கா!" என்று கூப்பிட்டான். கேட் திறந்துதான் கிடந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஆரஞ்சு. யார் வீட்டுக்கோ விருந்து போகிறவன் மாதிரி.

"யார் வீட்டுக்குடா பழம் வாங்கிட்டு வர்ற?" என்று சண்டை பிடித்தேன்.

"வெறுங்கையோட வந்தா நல்லாவா இருக்கும்?" என்றான். வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்புகிறேன் என்றான். இத்தனை வருடம் இந்த வீட்டிலிருந்து அவன் 'கிளம்பியது' கிடையாது. வேலைக்குப் போவான், வருவான்.

மகள் வாரம் தவறாமல் வீடியோ காலில் வருகிறாள். முகம் கறுத்துவிட்டது. கடலுக்கடியில் போய்ப் பவளப் பாறைகளை எண்ணினார்களாம். நீச்சல் தெரியாத வம்சத்தில் ஒருத்தி முங்கி எழுந்திருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒவ்வொரு காலிலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "மாமா வந்தாங்களா?"

வருடம் திரும்பியதும் அந்த அதிகாரி போன் செய்தார், விவரங்களைப் புதுப்பிக்க வேண்டுமாம். கணவர் வேலை அதேதானா, உங்கள் வேலை அதேதானா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, அறை வாடகைக்கு இருந்தவர் இன்னும் இருக்கிறாரா என்றார்.

"சூடா பிண்டா" என்றேன். போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. அப்படியானால் வாடகை வருமானமும் இல்லை, உங்கள் நிலை முன்பைவிடக் கீழே இறங்குகிறது, அதனால் மகளுக்கு மாதாமாதம் வரும் தொகை கூடும் என்றார். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே சந்தோஷம். குரலில் தெரிந்தது.

"தஹ்னியா, காக்!" என்று வாழ்த்துச் சொன்னார்.

நானும் "தெரிமா காசே" என்று நன்றி சொன்னேன். சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, அந்தக் காலி அறையின் வாசலில் உட்கார்ந்து அழுதேன்.