மாமாவின் மேப்பில் இல்லாத புனே

வெளியூர் மாணவி என்பது ஒரு முழுநேர உத்தியோகம். சம்பளம் கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் ஏராளம்.

அந்த உத்தியோகத்தில் நான் 1996 ஜூன் மாதம் புனேயில் சேர்ந்தேன். ஆர்க்கிடெக்சர் படிப்பு, ஐந்து வருஷம். பொள்ளாச்சியை விட்டுக் கிளம்பும்போது அப்பா ஒரு நிபந்தனை போட்டார். அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சண்முகம் மாமா, தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் எனக்கு லோக்கல் கார்டியன். மாதம் ஒரு இன்லண்ட் லெட்டரில் என்னைப் பற்றி அப்பாவுக்கு எழுதுவார். அதில் ஒரே ஒரு புகார் வந்தாலும் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பி, பொள்ளாச்சியிலேயே பி.காம். படிக்க வேண்டும்.

காலேஜிலோ முதல் வாரமே, ஊருக்குள் போய்ப் பழைய கட்டடங்களைப் பார்த்து வரைந்து வாருங்கள் என்று விரட்டினார்கள். ஊர் சுற்றினால் அப்பா கூட்டிக்கொண்டு போய்விடுவார், சுற்றாவிட்டால் காலேஜில் ஃபெயில். ஏதோ ஒரு புது ஊரில் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து இதைப் படிக்கிற சக கைதிகளே, நான் பட்ட பாட்டிலிருந்து உங்களுக்குச் சில யோசனைகள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் காட்ட வேண்டாம்.

யார் கொடுத்த மேப்பையும் நம்பாதீர்கள்

முதல் ஞாயிற்றுக்கிழமை தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் எனக்கு விருந்து. அத்தை அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் மாமா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து எனக்காக ஒரு மேப் வரைந்தார். ஒரு மூலையில் என் ஹாஸ்டல். அங்கிருந்து ஒரு கோடு சிவாஜி நகர் ஸ்டேஷனுக்கு. அங்கிருந்து லோக்கல் ரயில் கோடு நேராக தேஹு ரோட்டுக்கு. ஸ்டேஷனிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு ஒரு கோடு. வழியில் ஒரு பிள்ளையார் கோயிலைக் கூடப் போட்டிருந்தார்.

தாளில் முக்கால்வாசி வெள்ளையாகவே இருந்தது. நான் ஆர்க்கிடெக்சர் மாணவி அல்லவா, உடனே கேட்டேன். "மீதி ஊர் எங்க மாமா?" மாமா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சொன்னார்: "மீதி எடத்துல உனக்கு என்ன வேல அம்மிணி?"

எழுத்து தெரியாவிட்டால் எண்களையாவது கற்றுக்கொள்ளுங்கள்

புனே டவுன் பஸ்ஸில் எல்லாம் தேவநாகரியில் இருக்கும், நம்பர் உட்பட. பள்ளியில் நான் ஹிந்தி படித்ததில்லை. முதல் மூன்று நாள் பஸ் ஸ்டாப்பில் நின்று, பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடியைப் பார்க்கிற குழந்தை மாதிரி வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துவிட்டு நடந்தே திரும்பினேன். நாலாம் நாள் எனக்கே என் மேல் கோபம் வந்துவிட்டது. என் அறைத் தோழி வைஷாலி மராட்டியத்துச் சாங்லிக்காரி. அவள் சுவரில் மாட்டியிருந்த மராத்தி காலண்டரைக் கழற்றிப் படுக்கையில் போட்டுக்கொண்டேன். ஒரே ராத்திரியில் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை கைவசம் ஆகிவிட்டது. காலண்டரில் அதற்கு மேல் எண் இல்லை என்பதால் முப்பத்திரண்டாம் நம்பர் பஸ்ஸுக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வந்த முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். என் திட்டம் எளிது. கடைசி ஸ்டாப் வரை போவது, அதே பஸ்ஸில் திரும்புவது, ஜன்னல் வழியாக ஊரை மனப்பாடம் செய்வது. நீங்களும் செய்து பாருங்கள், தொலைந்துபோக வழியே இல்லை. கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவியை டக் டக்கென்று தட்டிக்கொண்டே எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் "கடைசி வரை" என்றேன். கடைசியில் யார் வீடு, என்ன வேலை என்று விசாரித்தார். ஒன்றுமில்லை, சும்மா பார்க்கப் போகிறேன் என்றேன். டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். "பாருங்கள் தாயே, தாராளமாகப் பாருங்கள். அங்கே இதே மாதிரி இன்னும் பத்து பஸ் நிற்கும்."

கட்டத்தில் இடம் இல்லாவிட்டால் நீங்களே உண்டாக்குங்கள்

ஹாஸ்டல் தலைவியை அங்கே ரெக்டர் என்பார்கள். அவர் மேஜையில் ஒரு பெரிய ரிஜிஸ்டர். வெளியே போகிறவள் அதில் பெயர், இடம், நேரம் எழுத வேண்டும். நாலாவது கட்டம்தான் வில்லங்கம். 'யாருடன்?' என்று கேட்கும் கட்டம் அது. வைஷாலிக்குக் கட்டடங்களில் ஆர்வம் இல்லை. தினம் ஒருத்தியை இழுத்துக்கொண்டு அலைய எனக்கும் பொறுமை இல்லை. அதனால் 'தனியாக' என்று எழுதினேன். ரெக்டர் மேடம் அதைச் சிவப்பு மையில் அடித்தார். தனியாகப் போகிறவர்களுக்கு இந்த ரிஜிஸ்டரில் இடமில்லை என்றார். திரும்பிப் போவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் போகவில்லை. என் பின்னால் வரிசை மாடிப்படி வரை நீண்டது.

கடைசியில் பேனாவை வாங்கி அடித்த இடத்துக்கு மேலேயே எழுதினேன்: 'டிராயிங் போர்டுடன்.' பொய் இல்லையே, போர்டு என் கக்கத்தில்தான் இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். சிரிக்காமல்தான் சொன்னார்: "ஏழு மணிக்குள் போர்டைப் பத்திரமாகக் கூட்டி வந்துவிடு."

மதியம் ஒன்று முதல் நாலு வரை

பழைய புனேயில் மதியம் ஒரு மணிக்குக் கடையை மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். உலகமே இடிந்து விழுந்தாலும் அப்படித்தான். இது தெரியாமல், மறுநாள் சப்மிஷனுக்கு டிராயிங் ஷீட் வாங்க ஒன்றே காலுக்குப் போய் நின்றேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கடைக்காரர் பாயில் படுத்திருந்தார். ஷீட் அவர் தலைமாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் சுருளாக நின்றது. குனிந்து கூப்பிட்டேன். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நீயா நானா பார்த்துவிடலாம் என்று அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்தேன். எதிரே பெரிய மரத் தூண்களும் கம்பி ஜன்னல்களுமாக ஒரு பழைய வாடா, அதாவது நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய வீடு. கையிலிருந்த நோட்டில் அதை வரைய ஆரம்பித்தேன். நாலு மணிக்கு ஷட்டர் உயர்ந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் காத்திருந்ததற்கு ஒரு வருத்தமாவது தெரிவிப்பார் என்று நிமிர்ந்தேன். அவர் என் தோளுக்கு மேல் எட்டி நோட்டைப் பார்த்தார். "அந்த ஜன்னலுக்கு ஐந்து கம்பி. நீ நாலுதான் போட்டிருக்கிறாய்."

தமிழ் யாருக்கும் புரியாது என்று நினைக்காதீர்கள்

இதுதான் நான் செய்த மகா தவறு. நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறும் கூட. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டால் தமிழ் நம் சொந்த ரகசியம் என்று நினைத்துக்கொள்கிறோம். புனேயின் ராணுவக் குடியிருப்புப் பகுதிகளான கேம்பிலும் கோர்படியிலும் தாத்தா காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமாவின் மேப்பிலும் அவை இல்லை.

அதற்குள், படிப்பு முடித்துப் போன ஒரு சீனியரின் சைக்கிளை நான் விலைக்கு வாங்கி என்னுடையதாக்கியிருந்தேன். புனேயில் அப்போது சைக்கிள் இல்லாத பெண்ணைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கேம்பில் ஒரு சர்ச் கோபுரத்தை வரைந்துகொண்டிருந்தபோது, ஒரு ஆள் ஸ்கூட்டரைச் சரியாக என் கண்ணுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து யாரோடோ ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு முகத்தில் புன்னகையை வைத்துக்கொண்டு, நல்ல பொள்ளாச்சித் தமிழில், எருமை என்று ஆரம்பித்து அவருடைய கண், மூளை, வளர்ப்பு மூன்றையும் விசாரித்தேன். அவர் திரும்பினார். கோபமே படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஏம்மா, ஞாயித்துக்கெழம நம்ம சண்முகம் வூட்டுக்கு வர்ற பொண்ணுதான நீ?"

கூட்டிப் போக வருகிறவரை நீங்கள் கூட்டிப் போங்கள்

அந்த மாத இன்லண்ட் லெட்டரில் எல்லாம் போய்விட்டது. சைக்கிள், கேம்ப், தனியாக, எருமை. பத்தாம் நாள் ஹாஸ்டல் போனில் அப்பா. "ஞாயித்துக்கெழம காலைல வர்றேன். பொட்டியக் கட்டி வெய்யி." வைத்துவிட்டார்.

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஐந்து கம்பி ஜன்னலையும் கடைசி ஸ்டாப் பஸ் டிப்போவையும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. அந்த ஊர் என்னுடையதாகிவிட்டிருந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டது. பெட்டியைக் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை புனே ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன்.

மாமாவும் அத்தையும் லோக்கலில் வந்து இறங்கியிருந்தார்கள். அப்பா வந்ததும் மாமா ஆட்டோ ரிக்ஷாவைத் தேடி வெளியே போனார், தொங்கிய முகத்தோடு திரும்பினார். அன்று ஊர் முழுக்க ரிக்ஷா பந்த். ஸ்டேஷனிலிருந்து ஹாஸ்டலுக்கு ரிக்ஷாவைத் தவிர மாமாவுக்கு வேறு வழி தெரியாது. இருபத்திரண்டு வருஷம் புனேயில் இருந்தவர்! "சாயங்காலம் பந்த் முடிஞ்சிரும், இங்கயே ஒக்காந்துக்கலாம்" என்றார். நான் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பை போகிற இடத்துக்கு ஆட்களும் வந்துதானே ஆக வேண்டும்.

நேர் பஸ் ஒன்று நின்றிருந்தது. வேண்டுமென்றே அதை விட்டேன். பழைய ஊருக்குள் புகுந்து போகிற பஸ்ஸில் மூவரையும் ஏற்றினேன், அத்தைக்கு ஜன்னல் சீட். மண்டயி ஸ்டாப்பில் இறக்கினேன். மண்டயி என்றால் காய்கறிச் சந்தை. நடுவில் எட்டுப் பக்கக் கோபுரம் வைத்த பெரிய கருங்கல் கட்டடம். அதை நான் மூன்று தடவை வரைந்திருந்தேன். அத்தை தலையை நிமிர்த்திப் பார்த்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், உள்ளே போய்விட்டாள். அடுத்த நிமிஷம் அவள் குரல் கேட்டது. வெந்தயக் கீரைக்காரியோடு மராத்தியில் சண்டை. குவார்ட்டர்ஸ் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் கற்ற மராத்தி. மாமாவே வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

வெளியே அப்பாவும் மாமாவும் நானும். "சைக்கிள் ஆருது?" என்றார் அப்பா.

"என்னுதுங்ப்பா."

"ஆரக் கேட்டு வாங்குன?"

"ஆரையும் கேக்கலீங்."

"பொட்டி கட்டிட்டியா?"

"கட்டலீங்ப்பா. நான் வர்லீங். நீங்க இழுத்துட்டுப் போனாலும் அடுத்த ரயில்ல திரும்பி வருவனுங்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"பாத்தியா, பாத்தியா, இதத்தான் எழுதுனேன்" என்றார் மாமா. அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. அப்போது அத்தை இரண்டு கையிலும் பைகளோடு வந்து எங்கள் நடுவில் நின்றாள். வியர்த்து வழிந்தது. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

"ஏனுங்ண்ணா," என்றாள் அப்பாவிடம், "இருவத்திரண்டு வருசமா நான் பாத்தது ரயிலடியும் பிள்ளையார் கோயிலுந்தானுங். இந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா எனக்கு ஊரைக் காட்ட ஆரு இருக்கறாங்க?"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை கீரைப் பையை அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அப்பா ரொம்ப நேரம் அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அவர் ஒருவர் மட்டும்தான் ஊருக்கு ரயில் ஏறினார். நான் பிளாட்பாரத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னித்தேன் என்றோ, இருந்து படி என்றோ அப்பா சொல்லவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் வாய் திறந்தார். "சைக்கிளுக்கு நல்ல பூட்டு இருக்குதா கண்ணு?"

ஆக, சக கைதிகளே, துணிந்து ஊர் சுற்றக் கிளம்பிவிட்ட பெண்ணை அப்பாவாலும் மாமாவாலும் ரெக்டராலும் நிறுத்த முடியாது. அவளை நிறுத்தி வைக்க முடிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஏழரைக்கே ஹாஸ்டல் வாசலுக்கு வந்து, கீரை வாங்கி முடிக்கிற வரை மண்டயியை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்த அத்தை ஒருத்தியால்தான்.