ஆள் மாறாத புரதம்

அக்காவின் மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று மட்டக்களப்பு டாக்டர் சொன்ன நேரம் சண்டையால் கொழும்புப் பாதை மூடிக் கிடந்தது. வைத்தியத்துக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். பாதை திறந்த நாளில் பஸ் ஓடாது. பஸ் ஓடிய நாளில் பாதி வழியில் திருப்பி அனுப்பினார்கள். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்ன படிப்பிப்பு, பாதி நாள் கதவு பூட்டித்தான் கிடக்கும்.

அங்கே மாதக்கணக்கில் பிந்தி வந்த ஒரு சஞ்சிகையில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். கோழிக்குஞ்சுகளுக்குச் சோகை உண்டாக்கும் ஒரு வைரஸ். அதன் புரதங்களில் ஒன்று அப்போப்டின். நல்ல மனிதக் கலத்துக்குள், அதாவது உயிரணுவுக்குள், விட்டால் அது நடுவிலுள்ள கருவுக்கு வெளியே சும்மா கிடக்கிறது. புற்றுநோய்க் கலத்துக்குள் விட்டால் கருவுக்குள் புகுந்துவிடுகிறது. அதோடு அந்தக் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

கோழிகளுக்குக் குறுணல் போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். சும்மா ஓர் ஆறுதலுக்குத்தான்.

"நல்லதுகளத் தொடாதா?"

"தொடாது அக்கா."

"ஆள் மாறாதா?"

ஏன் கேட்டாள் என்று தெரியும். முந்திய வருடம் ஆமியின் சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவன் வாகனத்தில் இருந்தான். அவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். தலை ஆட்டினால் இயக்கத்து ஆள் என்று பிடித்து ஏற்றிவிடுவார்கள். தோணியும் வலையும் தவிர வேறொன்றும் அறியாத அத்தானுக்கு அவன் தலையை ஆட்டினான். அத்தான் திரும்பி வரவில்லை.

"ஆள் மாறாது" என்றேன்.

சில வாரத்தில் ஊருக்குள் கோழி நோய் வந்தது. ஒரு வளவில் ஒரு கோழி தூங்கி விழுந்தாலே எங்கள் பக்கத்தில் மற்ற வீடுகளில் கத்தியைத் தீட்டிவிடுவார்கள். நோய் தொற்றுமுன் கறியாக்கிவிட வேண்டும். அன்றைக்குத் தெரு முழுக்கக் கோழிக்கறி மணத்தது. அக்கா மட்டும் ஒன்றையும் அறுக்கவில்லை. தூங்கிய கோழிகளைக் கூடையில் வைத்து, கூடையைத் தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கென்ன விசரா? இது வேற வருத்தம், அந்த வைரஸ் இல்ல. நான் சொன்னது கண்ணாடிக் குழாய்க்குள்ள செய்து பாத்த வேலை. மருந்தா வர எத்தின வருசமோ!"

"கத்தாத தம்பி. பாதையும் திறக்குதில்ல. சும்மா கிடக்கிறத்துக்கு இதாவது பக்கத்தில கிடக்கட்டும்."

கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசிக் கோழியையும் முருங்கையடியில் அவளே புதைத்தாள்.

பாதை திறந்து ஒருவழியாகக் கொழும்புக்குப் போனோம். டாக்டர் அவளை உள்ளே இருத்திவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, பிந்திவிட்டது என்றார். அழக்கூட இடமில்லாத நடைபாதை அது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்டார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நீ சொன்ன அந்தச் சாமான் அண்டைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில இருந்திருந்தா, அத்தானுக்குத் தல ஆட்டியிருக்காது, என்ன?"

"ஓம் அக்கா."

டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை.