எடைமேடைக்காரனின் எடை

எடைமேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனை, விற்க வந்தவரும் நம்ப மாட்டார், வாங்க வந்தவரும் நம்ப மாட்டார்; இரண்டு பேருக்கும் நடுவில் சிரித்த முகமாகச் சீட்டு கிழித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டில் பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். சிமெண்ட் லாரி, மக்காச்சோள டிராக்டர், முந்திரிக்கொட்டை ஏற்றிய மினி வேன் என்று எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தாகிவிட்டது. என்னையே நிறுத்துப் பார்த்த கதை இது. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தும் யாரும் வந்து உட்காராத அனுபவம் உள்ளவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

காலையில் நூற்று நாற்பது

எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். மூன்று கிலோ நான்கு கிலோவையெல்லாம் அது மதிப்பதே இல்லை; ஐந்தைத் தாண்டினால்தான் அடுத்த பத்தைக் காட்டும். தினமும் முதல் வண்டி ஏறுவதற்கு முன்னால், மேடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் அதன் நடுவில் போய் நிற்பேன். சிவப்பு எழுத்தில் 140 என்று விழுந்தால் மேடை சரி, வேலையை ஆரம்பிக்கலாம். இரும்பு எடைக்கற்கள் ஓனரின் குடோனில் பூட்டிக் கிடந்தன. அவற்றைத் தூக்கிவர இரண்டு ஆள் வேண்டும். நான் என்றால் நானே நடந்து வந்துவிடுவேன்.

மக்காச்சோள வியாபாரி கலியபெருமாள் இதைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் வருவார். தன்னிடம் சோளம் போடுகிற விவசாயிகளையும் கூட்டிவந்து காட்டுவார். "மத்த எடத்துல எடைக்கல்லு வச்சுப் பாப்பாங்க. நம்ம அந்தோணி அண்ணன் இருக்காரே, அவரே எடைக்கல்லுதான்."

தூங்கினவன் நான், தூங்காதவள் அவள்

ஒருநாள் பட்டப்பகலில் மேடை மேல் டிராக்டர் நிற்கிறது. நான் வண்டி நம்பர் அடித்துக்கொண்டிருக்கிறேன். கண் திறந்து பார்த்தால் விரல் அழுந்திக் கம்ப்யூட்டரில் ஒரு வரி முழுக்க 4444 என்று ஓடியிருக்கிறது, பின்னால் ஐந்து வண்டி ஹாரன் அடிக்கிறது. இது மூன்றாவது முறை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக ஓனர் சொல்லிவிட்டார்.

ராத்திரி நன்றாகத்தான் தூங்குகிறேன், பகலில் ஏன் இப்படி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்காரி லூர்து மேரிக்குத் தெரிந்திருந்தது. நான் குறட்டை விட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நடுவில் மூச்சையே நிறுத்திவிடுகிறேனாம். அவள் விலாவில் குத்தினால்தான் மறுபடி இழுக்கிறேனாம். திருச்சி டாக்டர் முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மூச்சு மிஷின் கொடுத்தார். அதன் சத்தம் எப்போது நிற்குமோ என்று அவள் அதற்கும் காவல் இருந்தாள். மேரி ஆரம்பப்பள்ளி டீச்சர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு மேஜையிலேயே சாய்ந்துவிட்டாளாம். ஆபரேஷன் செய்தால் எடையும் குறையும், மூச்சும் சரியாக வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நான் பயந்து அவள் முகத்தைப் பார்த்தேன். "நீங்க மூச்சு வுடுறீங்களான்னு பாத்துப் பாத்தே எனக்கு ரெண்டு வருசம் ஓடிப்போச்சுங்க. பண்ணிக்கிட்டு வந்துடுவோம்."

குறைத்துவிட்டு வாருங்கள்

வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைக்காய் அளவுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள் என்றார் டாக்டர். சரி என்றேன். அதற்கு முன்னால் ஐந்தாறு கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அதைக் குறைக்கத்தானே வந்தேன்? ஈரலில் கொழுப்பு சேர்ந்து அது வயிற்றை மூடிக்கொண்டு கிடக்கிறதாம். அது சுருங்கினால்தான் உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்குமாம். இரண்டு வாரம் புரோட்டீன் மாவுக் கரைசல், மோர், வடிகட்டின சூப் என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் மேடைக்கு எதிரே வரிசையாக மூன்று டீக்கடை. மூன்றிலும் பத்து மணிக்கு வடை போடுவார்கள்.

ஏன் டீ குடிக்க வரவில்லை என்று கேட்ட சிமெண்ட் லாரி டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். "லோடு எறக்கத்தான் வரோம். பாதி லோட வழியிலயே எறக்கிட்டு வான்னா எப்புடி சார்?"

சாப்பாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

ஆபரேஷனுக்கு முன்னால் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வயிற்றை வெட்டுவதற்கு மனசை எதற்குப் பார்க்கிறார்கள் என்று விளங்காமல் போய் உட்கார்ந்தேன். சின்ன வயசு அம்மா. எப்போதெல்லாம் சாப்பிடுவீர்கள் என்றார். பசித்தால் என்றேன். பசிக்காதபோது? யாராவது கூப்பிட்டால் என்றேன். யாரும் கூப்பிடாவிட்டால்? வண்டி வராவிட்டால் என்றேன். ரொம்ப வண்டி வந்தால்? அலுப்பாக இருக்கும், அப்போதும் என்றேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் ஏதோ பதிலைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஆபரேஷன் இல்லை என்று அனுப்பிவிடுவார் என்று நடுங்கிப்போய், போன பதிலை அடித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளச் சொன்னேன். "சார், இது பாஸ் ஃபெயில் போடுற பரீட்சை இல்ல. நீங்க உண்மையச் சொன்னா போதும்."

முப்பது மில்லி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருமல் மருந்துக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு குட்டிக் கப்பை நர்ஸ் கையில் கொடுத்து, முப்பது மில்லி தண்ணீர், கால் மணி நேரத்தில் குடியுங்கள் என்றார். ஒரே மடக்கில் குடித்துவிட்டால் மீதி நேரம் என்ன செய்வது என்று கேட்டேன். ஒரே மடக்கில் குடித்தும் பார்த்தேன். நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. அதற்கப்புறம் கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் வாரம். விக்கிரமங்கலத்திலிருந்து மேரியின் அண்ணன் நாட்டுக்கோழியோடு வந்துவிட்டார். உடம்புக்கு முடியாதவனைப் பார்க்க வெறுங்கையோடு வருவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. குழம்பு கொதிக்கிற வாசனையில் எனக்கு அழுகை வந்தது. பசியால் அல்ல. பசி என்று ஒன்று என்னிடம் இல்லவே இல்லை. பதினைந்து நாளாக அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சின்ன வயசிலிருந்து கூடவே இருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. எனக்கு வடிகட்டின தெளிவில் ஆறு ஸ்பூன். மச்சான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழியை அவரே சாப்பிட வேண்டியதாகப் போயிற்று. "வயித்ததான் சின்னதாக்குனாங்கன்னீங்க மச்சான். வாயவும் சேத்து தச்சுட்டாங்களா?"

மேடை ரிப்பேர்

ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் காரியமாக மேடையில் போய் நின்றேன். 110 என்று காட்டியது. எடை குறைந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரி மிஷினில் 118 என்று என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அதனால்தான் குழப்பம். 118 என்றால் எங்கள் மேடை 120 காட்ட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 110 வரக்கூடாது. இறங்கி ஏறினேன். செருப்பைக் கழற்றி வைத்து ஒருமுறை, கையில் பிடித்துக்கொண்டு ஒருமுறை. 110.

'எடைமேடை பழுது' போர்டைத் தொங்கவிட்டேன். ரோட்டில் மூன்று டிராக்டர் நின்றது. திருச்சியிலிருந்து மெக்கானிக் பைக்கில் வந்து, குடோனைத் திறக்கச் சொல்லி, இரும்புக் கற்களை மூலைக்கு மூலை வைத்து மத்தியானம் வரை பார்த்தார். இம்மி பிசகவில்லை. அப்புறம் என்னிடம் நிதானமாகக் கேட்டார், ஆஸ்பத்திரியில் எடை பார்த்தது எப்போது என்று. பத்து நாளைக்கு முன்னால் என்றேன். அந்தப் பத்து நாளில் இன்னும் நாலு கிலோ இறங்கி 114 ஆகியிருப்பேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "அண்ணே, மிஷினு நின்ன எடத்துலதான் நிக்குது. நீங்கதான் தெனம் மாறிக்கிட்டே இருக்கீங்க."

கலியபெருமாள் கேட்ட கேள்வி

அன்றிலிருந்து இரும்புக் கல்லை வைத்துத்தான் மேடையைப் பார்க்கிறோம். கலியபெருமாளுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு வாரம் வேறு எடைமேடைக்குப் போனார். திரும்பி வந்து, சீட்டை வாங்கி மடித்து, சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எதையோ யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

வருடா வருடம் எடையளவு அதிகாரி வந்து முத்திரை போட்டுத்தானே போகிறார், மேடையில் தப்பு வராது என்று கலியபெருமாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒரு கேள்வி கேட்டார். ராத்திரி படுத்தால் அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. "அதெல்லாம் சரிண்ணே. பதினோரு வருசமா காலையில நூத்தி நாப்பது, நூத்தி நாப்பதுன்னே காட்டுச்சே. அவ்வளவு வடை தின்னுமா நீங்க ஏறல?"

திங்கட்கிழமை காலை

இப்போது இரண்டு இட்லி சாப்பிட இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. பழைய சட்டைக்குள் நானும் இன்னொருவரும் தாராளமாக இருக்கலாம். ஏலாக்குறிச்சித் திருவிழாவில் எதிரே வந்த சொந்தக்காரர் என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, உடம்புக்கு என்ன என்று துக்கமாக விசாரித்தார். நல்லாயிருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கும் ஒரு சந்தேகம் வரத்தான் செய்கிறது.

போன திங்கட்கிழமை கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்தது. எப்போதும் எனக்கு முன்னால் எழுந்து, எழுந்து என்ன, தூங்காமலே இருந்து, ஒன்பது மணி பஸ்ஸுக்குத் தயாராகிவிடுகிறவள், வாய் லேசாகத் திறந்திருக்க, கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு கிடந்தாள். பயந்துபோய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. இரண்டு வருடமாக அவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று எனக்கு அந்த ஒரு நிமிடத்தில்தான் உறைத்தது. எழுப்ப மனசு வரவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி எட்டரைக்கு அவளாக விழித்து, என்னைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒன்றும் புரியாமல் விழித்தாள். ராத்திரி நான் ஒழுங்காக மூச்சு விட்டேனா என்று கேட்டேன். "தெரியலைங்க. நான் தூங்கிட்டேன்."

ஊரில் உள்ள எத்தனையோ லாரிக்கு லோடு எடை, காலி எடை என்று பிரித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தவன், என்னுடைய சரியான எடை எதுவென்று மட்டும் இன்னும் தெரியாமல், பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போன ஒரு டீச்சரை வைத்துத்தான் உத்தேசமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.