நெல் அறையில் பிலிம் கழுவிய நாள்

என் சித்தப்பா அப்போது காலேஜில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தார். ஒரு பழைய கேமராவும் பிலிம் கழுவ ஒரு பாட்டில் டெவலப்பர் மருந்தும் கையில் இருந்ததால், உத்திரமேரூரில் தன்னை மிஞ்சிய போட்டோகிராபர் கிடையாது என்பது அவர் நினைப்பு. எடுத்த பிலிமை வீட்டிலேயே கழுவுவார். வீட்டுப் பெரியவர்களுக்கு அதில் தெரிந்ததெல்லாம் அந்த நாற்றம்தான்.

எனக்கு எட்டு வயதான அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. எங்கள் கழனிக்கு நடவு நட வரும் அஞ்சலையின் ஆறு மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. புதைப்பதற்கு முன் ஒரு படம் பிடித்துத் தரச்சொல்லி அவள் ஆள் அனுப்பினாள். சித்தப்பா குடையோடு போய் எடுத்துவந்தார். ரோலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு படம். அதைத்தான் எடுத்தார்.

செய்யாற்றில் வெள்ளம் வந்து, புது மருந்து வாங்கப் போகவேண்டிய காஞ்சிபுரம் பஸ் நின்றுவிட்டது. அஞ்சலை தினமும் எங்கள் தோட்டத்துக் கதவுக்கு வெளியே வந்து நின்று, "படம் வந்துச்சா சின்னய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் சித்தப்பா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் அரை டம்ளர்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றி அதை மூன்று டம்ளராக்கினார்.

"மருந்து கம்மியா கீது. ஒரு மணி நேரம் ஆவும். வந்தா வரும்," என்றார். அவர் இப்படிச் சந்தேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஜன்னல் இல்லாத நெல் அறைதான் எங்கள் இருட்டறை. நட்ட நடுப்பகலில் கதவிடுக்கில் கோணி அடைத்ததும் என் கை எனக்கே தெரியவில்லை. பிலிமின் இரண்டு முனைகளையும் பிடித்து, தட்டிலிருந்த மருந்தில் அதை மேலும் கீழும் அவர் இழுக்கும் சத்தம் மட்டும் சளக் சளக்கென்று கேட்டது.

"நூறு எண்ணு. நூறு ஆனா பாவாட மடியில ஒரு புளியங்கொட்டையப் போடு. வாய நிறுத்தாத."

எண்ணினேன். பதினெட்டாவது கொட்டைக்குமேல் கணக்குத் தப்பியது. சொல்லப் பயந்து, வாய்க்கு வந்த எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நீர்த்த மருந்தில் ஐந்து நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது, அந்த இருட்டில் அவருக்கு வேண்டியிருந்தது என் குரல்தான் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் தடுமாறியபோதெல்லாம் அவர், "உம், சொல்லு, சொல்லு," என்று அவசரமாகச் சொன்னார்.

பிறகு படம் அழியாமல் நிற்க ஹைப்போ கரைசலில் போட்டு, கழுவி, கதவைத் திறந்தார். சொட்டச் சொட்டப் பிலிமைத் தூக்கிப் பிடித்தார். வெறும் தண்ணீர் மாதிரி இருந்ததிலிருந்து எங்கள் வீட்டு மாடு வந்திருந்தது, தென்னை மரம் வந்திருந்தது, எல்லாம் தலைகீழான நிறத்தில். கறுப்பு வானம். நரைத்த முடியோடு என் அப்பா. கடைசியில் அந்தக் குழந்தை.

அஞ்சலை கதவருகே நின்றிருந்தாள். சித்தப்பா அவளிடம் போய் அந்தக் கடைசிப் படத்தை வானத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். குழந்தையின் முகம் கறுத்துத் தெரிந்தது. மூடிய இமைகளில் அவள் அப்பியிருந்த கண்மை மட்டும் கண்ணாடிபோலத் தெளிந்து, அதன் வழியே வெளிச்சம் பளீரென்று வந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணத் தொறந்துகினு கீது சின்னய்யா! என் புள்ள என்னப் பாக்குது!"

"ரெண்டு நாள் பொறு. பேப்பர்ல பிரிண்ட் போட்டு நல்ல படமா தரேன்," என்றார் அவர்.

"வாணாய்யா. இதே போதும். இப்டியே குட்த்துடு."

அது கண் இல்லை, மை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா ஈரக் கையால் என் வாயை இறுகப் பொத்தினார். விரலில் மருந்து கரித்தது. பிறகு கத்தரிக்கோலை எடுத்து, அந்த ஒரு துண்டை வெட்டி, அவள் முந்தானையில் வைத்தார்.

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. உண்மையைச் சொல்ல வந்தவள் வாயைப் பொத்திவிட்டு, தப்பாகச் சொன்னவளை ஒரு வார்த்தை திருத்தாமல் அனுப்பிவிட்டாரே என்று எனக்கு அவ்வளவு கோபம்.