ரிட்ஜ்மியரின் இரண்டாவது பட்டியல்

நைரோபியில், லாவிங்டன் பக்கத்து ரிட்ஜ்மியர் அகாடமியில் ஜெருஷா கெமுண்டோ பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். டீச்சர் வேலை இல்லை, அலுவலகத்தில் செயலாளர் வேலை. ஆனால் அவள் குடியிருந்த கவாங்வாரேயில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் திருத்தியதில்லை.

ரிட்ஜ்மியர் என்ற பெயருக்கு அப்படி ஒரு மவுசு இருந்தது. சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தி, "எங்க வேலை பாக்கறீங்க?" என்று சும்மா கேட்டாள். ஜெருஷா "ரிட்ஜ்மியர்ல" என்றதும் அவள் மடியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். மந்திரி வீட்டுப் பிள்ளைகளும் வங்கி மேலாளர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடம். ஜெருஷாவின் ஒரே மகள் போசிபோரியும் அங்கேதான் படித்தாள், ஊழியர் பிள்ளை என்ற சலுகையில். மார்பில் கொக்கு முத்திரை பதித்த பச்சை ஸ்வெட்டர் போட்ட மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தகரக் கூரைகளுக்கு நடுவே ஜெருஷா நடந்து போகும்போது, காய்கறிக்காரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிஷ நடைக்காகவே அவள் காலையில் சீக்கிரம் எழுந்தாள் என்று சொல்லலாம்.

வருஷக் கடைசியில் எட்டாம் வகுப்பு அரசுப் பொதுப் பரீட்சை முடிவு வரும். மறுநாள் பத்திரிகையில் பள்ளிக்கூடங்களின் சராசரி மதிப்பெண் வரிசையாக வரும். ரிட்ஜ்மியர், செயின்ட் ஆல்டன்ஸ், கிரேவில்லியா ஹவுஸ் என்று மூன்று பள்ளிக்கூடங்களுக்கு நடுவில் அரை மதிப்பெண்ணுக்குச் சண்டை. ஒரு வருஷம் ரிட்ஜ்மியர் மூன்றிலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கியது. ஜனவரியில் பள்ளி திறந்தபோது பதினான்கு பிள்ளைகளைக் காணோம். அவர்கள் வீட்டுக் கார்கள் செயின்ட் ஆல்டன்ஸ் வாசலில் நின்றன.

தலைமையாசிரியர் கரீதி அன்றே அந்தப் பதினான்கு பெயர்களையும் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமே நைவாஷா ரோட்டில், ஒரு சர்ச்சுக்குப் பின்னால், நான்கு அறைகளை வாடகைக்குப் பிடித்தார். "ஆர்ச்சர்ட் ஸ்கூல்" என்று பெயர்ப்பலகை வைத்து, தனிப் பரீட்சை எண்ணும் வாங்கினார். ஏழாம் வகுப்பு முடிவில் ஐந்நூறுக்கு முந்நூற்றைம்பதுக்குக் கீழே வாங்கும் பிள்ளைகள் எட்டாம் வகுப்பை அங்கே படித்து, அங்கேயே பரீட்சை எழுதுவார்கள். அவர்கள் மதிப்பெண் ரிட்ஜ்மியர் கணக்கில் சேராது. அங்கே கொக்கு முத்திரையும் கிடையாது, சாம்பல் நிறத்தில் வெறும் ஸ்வெட்டர்தான்.

பெற்றோர்களுக்கு இதைச் சொல்லும் வேலை ஜெருஷாவின் தலையில் விழுந்தது.

"நான் பேசினா சண்டைக்கு வருவாங்க. உங்க குரல் வெண்ணெய் மாதிரி, ஜெருஷா. நீங்க பேசுங்க" என்றார் கரீதி.

அவள் உட்கார்ந்து யோசித்து, பேச வேண்டியதைத் தானே ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். 'உங்க பிள்ளைக்கு நெருக்கடி இல்லாத இடம் கிடைச்சா ரொம்ப நல்லா வருவா. அதுவும் நம்ம பள்ளிக்கூடம்தான். கூட்டம் கம்மி. ஒவ்வொரு பிள்ளையையும் தனியா கவனிப்பாங்க.' வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பேச வேண்டியிருந்தது. பள்ளி நேரத்தில் லைன் கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்தே பேசுவாள். போசிபோரி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

பெரும்பாலானவர்கள் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். அச்சோலா என்று ஒரு விதவை, பியஷாரா தெருவில் துணிக்கடை வைத்திருந்தவள், கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ரொம்ப அழகாப் பேசறே தாயி. யாரு எழுதிக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.

ஜெருஷாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த வருஷம் ரிட்ஜ்மியர் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. முதல் மதிப்பெண் வாங்கிய பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டும் கூத்துமாகப் பள்ளி மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஜெருஷாவும் கூடச் சேர்ந்து பாடினாள். பத்திரிகைப் படத்தில் அவள் முகத்தில் பாதி தெரிந்தது. ஒம்பாட்டி, அவள் கணவன், அதை வெட்டிச் சுவரில் ஒட்டினான்.

போசிபோரி ஏழாம் வகுப்புக்கு வந்த வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்தது. ஆறு வாரம் படுக்கை. எழுந்து வந்தபோது கணக்கும் விஞ்ஞானமும் எங்கேயோ போயிருந்தன. வருஷக் கடைசியில் முந்நூற்று முப்பத்தெட்டு.

டிசம்பரில் கரீதி கையால் எழுதிய ஆர்ச்சர்ட் பட்டியலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்பதாவது பெயர் போசிபோரி ஒம்பாட்டி.

"சார், இவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. உங்களுக்கே தெரியும்" என்றாள் ஜெருஷா.

"தெரியும். நாலாவது பேரைப் பாருங்க. மந்திரியோட தங்கச்சி பையன். உங்க பொண்ணை மட்டும் விட்டுட்டா அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"உங்களால முடியலன்னா வேற யாரையாவது டைப் பண்ணச் சொல்றேன்" என்றார். குரலில் கடுமை இல்லை. கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"நானே பண்ணிடறேன் சார்."

அந்த ஒரு வார்த்தையைப் பிறகு எத்தனையோ தடவை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். யாரும் அவளை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. பழகிய விரல்கள் எட்டுப் பெயர்களை அடித்துவிட்டு ஒன்பதாவதையும் அடித்தன.

சாயங்காலம் ஒம்பாட்டியிடம் சொன்னாள். அவன் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், அதிகம் பேசாதவன். உகாலிக் களியைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டு, "அப்போ அங்கேருந்து எடுத்துடு. இங்க கவர்மென்ட் பள்ளிக்கூடம் இருக்குல்ல, அதுல சேப்போம். அவ பேரு அவ படிச்ச இடத்துல இருக்கட்டும். ஒளிச்சு வெச்ச மாதிரி எதுக்கு?" என்றான்.

"ஏழு வருஷம் ரிட்ஜ்மியர்ல படிச்சுட்டு இப்ப கவாங்வாரே பள்ளிக்கூடமா? சர்ச்சுல கேட்டா நான் என்னங்க சொல்வேன்?"

"சர்ச்சுக்காரங்களா பரீட்சை எழுதப் போறாங்க?"

கடைசியில் அவள் சொன்னதுதான் நிலைத்தது: ஆர்ச்சர்ட்தான்.

மகளிடம் சொல்ல வேண்டிய நாளை ஒரு வாரம் தள்ளிப் போட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தாள்.

"கண்ணு, உனக்கு நெருக்கடி இல்லாத இடம் கிடைச்சா ரொம்ப நல்லா வருவே. அதுவும்..."

"அதுவும் நம்ம பள்ளிக்கூடம்தான்" என்றாள் போசிபோரி. "கூட்டம் கம்மி. ஒவ்வொரு பிள்ளையையும் தனியா கவனிப்பாங்க."

ஜெருஷாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

"எத்தனாவது பேரும்மா நான்?"

"ஒம்பது."

"நீயா டைப் பண்ணே?"

ஜெருஷா தலையை மட்டும் அசைத்தாள். போசிபோரி மிச்சக் கீரையையும் ஆய்ந்து கழுவி வைத்தாள். அன்று அவள் அழுதிருந்தால், கத்தியிருந்தால், தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் தனக்குப் புத்தி வந்திருக்கும் என்று ஜெருஷா பின்னாளில் நினைத்ததுண்டு. அதுவும் பழியைப் பிள்ளைமேல் போடுகிற நினைப்புதான் என்று அவளுக்கே தெரியும்.

ஜனவரியில் அம்மாவும் மகளும் சேர்ந்து நடப்பது நின்றது. ஆர்ச்சர்ட் வேறு பக்கம். கூடக் கொஞ்ச தூரம் வரலாம் என்று ஜெருஷா கிளம்பினாலும், சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போசிபோரி முன்னாலேயே போய்விடுவாள். காய்கறிக்காரிகளில் ஒருத்தி, "என்ன டீச்சர், பொண்ணு கொக்கைப் பறக்க விட்டுட்டாளா?" என்று சிரித்தாள். ஜெருஷா, "புது யூனிஃபார்ம்" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள்.

போசிபோரி அந்த வருஷம் படித்த படிப்பைப் பார்த்து ஒம்பாட்டியே பயந்தான். நவம்பரில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அறையில் பரீட்சை எழுதினாள். முடிவு வந்தது. ஐந்நூறுக்கு நானூற்றுப் பதினொன்று. ரிட்ஜ்மியரின் சராசரி அந்த வருஷம் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.

காலையிலேயே கரீதி அலுவலக வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெருஷா! உங்க பொண்ணு கலக்கிட்டா. மத்தியானம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அவளையும் படத்துல நிக்க வைப்போம். ஏழு வருஷம் நாமதானே வளர்த்தோம்? என்ன சொல்றீங்க?" என்றவர், பள்ளிக் கடையிலிருந்து புதுப் பச்சை ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் வெட்கப்படவேண்டிய இடம் அதுதான். அவளுக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அந்த வருஷத்துக் கசப்பெல்லாம் ஒரு நொடியில் கழுவப்பட்டுவிட்டது போல இருந்தது. வெயிலில், ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு, லாவிங்டனிலிருந்து கவாங்வாரே வரைக்கும் ஏறக்குறைய ஓடினாள். காய்கறிக்காரிகளிடம், "எம் பொண்ணு படம் பேப்பர்ல வரப்போகுது!" என்று கத்திச் சொல்லிக்கொண்டே போனாள்.

போசிபோரி வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னது முழுவதையும் கேட்டாள். ஸ்வெட்டரைப் பார்த்தாள். ஈரக் கையால் அதைத் தொடவில்லை.

"உங்களுக்குத்தாம்மா அது நல்லா இருக்கும்" என்றாள். "நீங்களே போட்டுக்கிட்டு நில்லுங்க."

மறுபடியும் துணிக்குச் சோப்பு போட ஆரம்பித்துவிட்டாள். ஜெருஷா ஸ்வெட்டரை மடித்துக்கொண்டாள். பிறகு அதே வழியில் திரும்பிப் போய், மகளுக்குக் காய்ச்சல் என்று கரீதியிடம் பொய் சொல்லி, ஸ்வெட்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்தாள். படம் எடுத்தார்கள். அன்று அவள் பாடவில்லை.

நைரோபியிலேயே நல்ல உயர்நிலைப் பள்ளிகளில் இடம் இருந்தும், போசிபோரி கிசியில் சித்தப்பா வீட்டுப் பக்கத்து விடுதிப் பள்ளியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். லீவுக்கு வருவாள். அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கித் தருவாள், பாத்திரம் தேய்ப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். குறை சொல்ல ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு வந்த விருந்தாளி போல அவ்வளவு ஒழுங்காக இருப்பாள். பிறகு எல்டோரெட்டில் ஆஸ்பத்திரி லேபில் வேலை, அங்கேயே கல்யாணம்.

பத்திரிகையில் பள்ளிக்கூட வரிசைப் பட்டியல் போடக்கூடாது என்று அரசாங்கம் ஒருநாள் உத்தரவு போட்டது. ஆர்ச்சர்ட் பெயர்ப்பலகையை இறக்கிவிட்டார்கள். கரீதி ஓய்வு பெற்று நியேரிக்குப் போனார். போகும்போது ஜெருஷாவின் கையைப் பிடித்து, "நாம ரெண்டு பேரும் இந்தப் பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்தினோம்" என்றார். மனசாரத்தான் சொன்னார். அவள் "ஆமா சார்" என்றாள்.

இப்போது ஜெருஷாவுக்கு அறுபது வயது. ஒம்பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்டோரெட்டிலிருந்து ஃபோன் வரும். போன ஜனவரியில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த செய்தியை போசிபோரி சொன்னாள். பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னாள். ஜெருஷா கேள்விப்படாத பெயர்.

"அதுக்கு அங்க மவுசு எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.



"வீட்டுக்குப் பக்கத்துலம்மா. நடந்தே போயிடலாம்" என்றாள் போசிபோரி. பிறகு, "இருமல் மருந்து ஒழுங்கா குடிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"குடிக்கறேன்" என்றாள் ஜெருஷா.

பேசி முடித்த பிறகும் அவள் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டு, அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று சொல்லலாமா என்று யோசித்தாள். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.