பதினொரு வரைவுகளும் ஒரு நீலத் துண்டும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போனதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். போன அமாவாசையன்று எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் பற்றிக்கொண்டு வந்தது.

போன காரணம் இது. என் அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார் திண்டிவனத்தில் இருக்கும் அண்ணி. பதினோரு மணிக்குள் அச்சகத்தில் தராவிட்டால் என் பக்கத்தில் பூப்படம் போட்டுவிடுவார்களாம். போனில் பதினொரு வரைவுகள் வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் அண்ணன் தியாகி, பண்பாளர், பாசத்தின் உருவம். படித்தால் எனக்கே குமட்டியது.

அவர் சாகும்முன் நான்கு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இதே வலைப்பூவில் அவரைப் பற்றி உருகி எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "இது நான் இல்லடா, யாரோ போஸ்டர்ல இருக்கிற ஆளு" என்றார். "எழுத்தைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று கத்திவிட்டு வந்தவன்தான், அப்புறம் போகவில்லை.

என் திட்டம்: எட்டுப் பத்து பஸ், ஜன்னலோர சீட்டு, பதினொன்றையும் வெட்டி ஒட்டி ஒன்றாக்குவது. நிமிடக் கணக்கெல்லாம் போட்டவன் காலண்டரைப் பார்க்கவில்லை. பஸ் நிலையமே எலுமிச்சை மாலையும் கையுமாக மேல்மலையனூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"சார், இன்னிக்கு அமாவாசை. வண்டியெல்லாம் கோயிலுக்குப் போய்க்கினு இருக்குது. ஜல்தியா போவணும்னா நேத்தே கெளம்பியிருக்கணும்" என்றார் ஒரு கண்டக்டர். சிரிப்பு வேறு!

ஒன்பது இருபதுக்கு ஒரு வண்டி வந்தது. முண்டியடித்து ஏறினால், சீட்டெல்லாம் துண்டு. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவருக்குத்தான் இங்கே இடம், முதலில் ஏறியவருக்கு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு நீலத் துண்டை எடுத்து வீசிவிட்டு உட்கார்ந்தேன்.

"யோவ், துண்டு போட்டு வெச்சா, வீசிட்டுக் குந்திக்கிறியே!" என்று வந்தார் ஒருவர்.

"உன் பேரு எழுதியிருக்கா?"

"எனக்கு இல்லய்யா. பின்னால தம்பி ஏறிக்கினு இருக்கான், அவனுக்கு. நான் நின்னுக்கினே வர்றேன்."

அந்தத் தம்பிக்கு நாற்பது வயதாவது இருக்கும். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. நான் எழுந்துகொண்டேன்.

நான் கல்லூரிக்குப் போன நாட்களில் என் அண்ணனும் இதே இடத்தில்தான் எனக்குத் துண்டு போடுவார். என்னை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று திண்டிவனம் வரைக்கும் திட்டிக்கொண்டே வருவார். முடி வெட்டாததற்கு, முந்தின நாள் சினிமாவுக்கு, சும்மா இருந்ததற்கும். என் பதினொரு வரைவுகளில் அந்த மனிதர் வாயே திறக்கவில்லை!

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் போனில் புதிதாக 'யோவ் அண்ணா' என்று தட்டினேன். முண்டியம்பாக்கத்தில் நாகரிகமாக ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன், அது ஒட்டவே இல்லை. போய்த் தொலை என்று விட்டுவிட்டேன். விக்கிரவாண்டியில், இரண்டு நாள் நெஞ்சுவலியை வாயு என்று சொல்லித் திரிந்ததற்கு அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டில் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். எழுத்து போன இடத்துக்கெல்லாம் நானும் போனேன்.

பத்து நாற்பதுக்கு இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து அச்சகம் சேர்ந்தபோது பத்து ஐம்பத்தைந்து. திருத்த நேரமில்லை. அங்கே காத்திருந்த அண்ணி என் போனை வாங்கி நின்றபடியே படித்தார்.

"கொஞ்சம் திட்டி எழுதிட்டேன் அண்ணி. மாத்திடட்டுமா?"

"ஒரு எழுத்து மாத்தாதீங்க தம்பி. நீங்க பேசாம இருந்த நாலு வருசமும் சோத்துல கை வெச்சா உங்கள இப்டித்தான் திட்டிக்கினு இருப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வாயி" என்று சொல்லி, போனை அச்சகக்காரரிடம் நீட்டினார்.

இந்தப் பக்கம் வருபவர்கள் அமாவாசையன்று அவசர வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டியவரைப் பற்றி எழுதப் போகிறவர்கள் பழைய வரைவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வருவது வசவாக இருந்தாலும் குறுக்கே போய் நிற்காதீர்கள்.

எழுதியதும் கோபம் தீர்ந்ததா என்றால், இல்லை. நாலு வருடம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து திட்டிய மனிதர், ஒரு போன் போட்டு என்னிடமே திட்டித் தொலைத்திருக்கலாமே!

நான் மட்டும் போட்டேனா?