சீஸ் தோலும் நாற்பது நடுவாந்திர மூளைகளும்

எங்கள் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்னால் கசில்தா பதினெட்டு வருடம் முட்டை உடைத்தாள். மிகையில்லை, வேலையே அதுதான். வய்யதோலித் நகர ரயில் நிலையத்துக்கு எதிரே, காபியும் சாப்பாடும்கூடக் கிடைக்கிற ஒரு மதுக்கடை. உருளைக்கிழங்கு ஆம்லெட்டுக்குத் தினமும் முந்நூறு முட்டை. ஒரு ஓட்டுச் சில்லுகூடக் கலக்காது. ஒரு டிசம்பர் மூடுபனியில் காபி குடிக்க ஒதுங்கிய எங்கள் பேராசிரியர் தொன் எவேலியோ, மஞ்சள் கரு அலுங்காமல் அவள் ஒற்றைக் கையால் உடைப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கை எனக்கு வேணும்" என்றாராம். முதலாளி வேறு மாதிரிப் புரிந்துகொண்டு அவரை வெளியே தள்ளப் பார்த்தார்.

அவருக்கு வேண்டியது நிஜமாகவே கை மட்டும்தான். இன்குபேட்டரில் மூன்று நாள் இருந்த கோழி முட்டையின் ஓட்டில் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். உள்ளே ஒரு கமா மாதிரி கரு கிடக்கும். அதற்கு உடம்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, தலைதான். அந்தத் தலையும் முக்கால்வாசி தண்ணீர். மெல்லிசாக ஒரு சவ்வு, அதற்குள்ளே மூளைத் தண்டுவட நீர், அவ்வளவுதான் அந்த வயதில் மூளை. கண்ணாடிச் சாமான் பெட்டியில் வைக்கோல் திணிக்கிற மாதிரி, சும்மா இடத்தை அடைக்கத்தான் அந்த நீர் என்று ரொம்ப காலம் நினைத்துவந்தார்கள். தொன் எவேலியோ அதை நம்பவில்லை. அந்த நீர்தான் உள்ளேயிருந்து அழுத்தி மூளையை விரிக்கிறது, அதில் கரைந்திருக்கும் புரதங்கள்தான் செல்களைப் பெருகச் செய்கின்றன என்பது அவர் கட்சி.

கசில்தா பதினாலு வயதில் பள்ளியை விட்டவள். அவள் கட்சி இன்னும் சுருக்கம். என்னிடம் கேட்டாள்:

"ஏன் மகளே, சூப்பு இல்லாம எந்த வீட்லயாவது புள்ள வளந்திருக்கா?"

அன்று முதல் ஆய்வகத்தில் அந்த நீருக்குப் பெயர் சூப்பு. தொன் எவேலியோவே ஒருமுறை மாநாட்டு மேடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

சோதனை எளிது, கசில்தாவுக்கு மட்டும். முடி மாதிரியான கண்ணாடிக் குழாயைக் கருவின் மூளைக்குள் செருகி, சூப்பை வடியவிட்டு, ஒரு நாள் கழித்து மூளையை அளக்க வேண்டும். மற்றவர்கள் செருகினால் கரு செத்துப்போகும். அவள் செருகினால் அதற்குத் தெரியவே தெரியாது. அளப்பது என் வேலை. வடியவிட்ட மூளைகள் பாதி அளவுதான் வளர்ந்திருந்தன. மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்த அன்று முதலிலிருந்து திரும்ப அளந்தேன். ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு திரவம், அதுதான் ஒரு மூளையின் தலையெழுத்து.

"கட்டுரையில நாலாவது பேரு உங்களோடது கசில்தா" என்றார் தொன் எவேலியோ. சாயங்காலத்துக்குள் பழைய மதுக்கடை முழுக்கச் சேதி பரவிவிட்டது. கூரையில் உப்பிட்டு உலரத் தொங்குகிற பன்றித் தொடைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஆனால் பத்திரிகையின் மதிப்பீட்டாளர் ஒரு கேள்வி அனுப்பினார். யார் மண்டையில் குழாயைச் செருகினாலும் மூளை சிறுக்கத்தானே செய்யும்? நீர் போனதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதே குழாயை வாய் அடைத்துச் செருகிக் காட்டுங்கள்.

நியாயம்தான். நாற்பது முட்டை. நாற்பது அடைத்த குழாய். இந்த மூளைகள் முழுசாக வளர்ந்தால் நாங்கள் ஜெயித்தோம். சிறுத்தால் குற்றவாளி குழாய்தான், சூப்பு வெறும் வைக்கோல், கட்டுரை குப்பைக்கு, கசில்தாவின் பெயரும் அதோடு சேர்த்து.

அளந்தேன். சிறுத்திருந்தன. பாதியில்லை, ஆனால் முக்கால்தான்.

தொன் எவேலியோ எண்களை இரண்டு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போய், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

மதியம் இரண்டு மணிக்குக் கசில்தா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ். சீஸின் மெழுகுத் தோலை உரித்தவள், அது விரல் சூட்டில் குழைவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?" என்று கேட்டேன்.

"ஆய்வகத்து மெழுகு கல்லு மாதிரி இருந்துச்சு மகளே. அழுத்தினா குழா நுனி உடையுது. அதான் இத எடுத்து அடச்சேன்."

"எத?"

"இதத்தான். ஒப்துலியா சீஸ்."

ஒப்துலியா அவளுடைய நாத்தனார், கிராமத்தில் ஆடு வைத்திருப்பவள். இந்தச் சமவெளியின் பனியில் சீஸ் மேல் பூசும் மெழுகு வெடித்துவிடும் என்று அதில் ஆலிவ் எண்ணெய் கலப்பாள். குளிருக்கு நல்லது. ஆனால் எங்கள் இன்குபேட்டர் முப்பத்தெட்டு டிகிரி.

ஒரு துணுக்கைக் கண்ணாடித் தட்டில் வைத்து இன்குபேட்டருக்குள் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் அது பளபளவென்று தளர்ந்து படுத்துக்கொண்டது.

"ஒழுகியிருக்கு" என்றாள். ரொட்டியைக் கீழே வைத்தாள். "சொன்னா எம்பேரு போயிடும். சொல்லலேன்னா சூப்பு போயிடும்."

அவள் ஜன்னல் பக்கம் போய் ஒரு நிமிடம் மூடுபனியைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாள், நாத்தனாரையா தன்னையா என்று தெரியாது. பிறகு சீஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பேராசிரியர் அறைக்கு நடந்தாள்.

"தொன் எவேலியோ, உங்க குழா ஒண்ணும் பண்ணல. எங்க நாத்தனார்தான் பண்ணிட்டா."

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவர் முகம் சீஸ் நிறத்துக்கு வந்தது. "நாப்பது கருவோட மூளைக்குள்ள சீஸ் வெச்சீங்களா?"

"மூளைக்குள்ள இல்ல, குழா வாயில. சீஸும் இல்ல, மேல்தோலு. அசிங்கமா பேசாதீங்க."

"நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"தெரியாதுதான். எம்பேர வெட்டிருங்க. ஆனா அந்தக் கடுதாசியக் கிழிங்க. செய்யாத தப்புக்குச் சூப்பு ஏன் பழி சுமக்கணும்?"

இந்த ஊரில் துணிச்சல்காரனை 'முட்டை உள்ளவன்' என்பார்கள். ஆண்களிடம் இருப்பது எந்த முட்டை என்று விளக்கத் தேவையில்லை. தொன் எவேலியோ வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண்ணிடம் அதைச் சொன்னார்:

"இந்தக் கட்டடத்துலயே உங்க ஒருத்தருக்குத்தான் முட்டை இருக்கு கசில்தா."

"கீழ இன்குபேட்டர்ல நூத்தியிருவது இருக்கு. இப்பவே ஆரம்பிச்சிரலாமா?"

இந்த முறை கெட்டி மெழுகு, சுட்ட ஊசி நுனியால் ஒரு துளி. அளந்தேன். அத்தனை மூளையும் முழு அளவு. குழாய் நிரபராதி.

கெட்டுப்போன நாற்பதைத் தூக்கி எறியப் போனேன். தொன் எவேலியோ என் கையைப் பிடித்தார். முழுக்க வடிந்தவை பாதி. துளியும் வடியாதவை முழுசு. மெதுவாக ஒழுகியவை, சொல்லி வைத்தாற்போல, நடுவில். எவ்வளவு சூப்பு தங்கியதோ அவ்வளவு மூளை. இப்படியொரு வரிசையை நாங்கள் திட்டம் போட்டிருந்தால்கூடக் கிடைத்திருக்காது. மதிப்பீட்டாளர் மூன்றே வரியில் ஒப்புக்கொண்டார்.

கட்டுரை வந்தது. நாலாவது பெயர் அவளுடையதுதான். ஆனால் செய்முறைப் பகுதியில் 'பால்பொருள் சார்ந்த மென்மெழுகு' என்று போட்டிருந்ததில் அவளுக்கு ஒரு வாரம் கோபம்.

"ஒப்துலியா பேரு எங்க? அவ ஆடுங்க பேராவது போட்டிருக்கலாம்ல?"

முதல் பக்கத்தை மதுக்கடையில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். போன வாரம் நானும் அங்கே இருந்தேன். பழைய முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு வரி படித்துப் பார்த்தார்.

"இதுல என்னதான் கண்டுபிடிச்சீங்க?"

"சின்ன வயசுல மண்டைல இருக்குற சூப்பு ஒழுகிட்டா மூள பாதிதான் வளரும்."

"அத எப்படி நிரூபிக்கிறது?"

கசில்தா அவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். "முட்டைய வெச்சு அஞ்சு வருஷம் கஷ்டப்பட்டோம்" என்றாள். "உங்க நெனப்பு அப்ப வரல பாருங்க."